நூர்ஜானின் ஐந்து ஊசிகள்

புஷ்பவள்ளி சந்தேகப்படாத ஆள் பினாங்கில் ஒருத்தரும் கிடையாது. சௌராஸ்டா பசாரில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அழுத்திப் பார்ப்பாள், கடைசியில் மீன்காரன் முகத்தையும் ஒரு தடவை உற்றுப் பார்ப்பாள். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தால், "சத்தியம் பண்ற அளவுக்கு எவ்ளோ ஊத்துனீங்க அண்ணே?" என்பாள். சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கங்காணியின் மகள் அவள். பத்தொன்பது வயதில் ராமதாசுக்குக் கழுத்தை நீட்டினாள். கல்யாணமான மறுநாள் பினாங்குக்கு வர ஃபெரியில் ஏறியதும் மாப்பிள்ளையிடம் அவள் பேசிய முதல் பேச்சே, "இது முழுகாதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்பதுதான். ராமதாஸ் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணி, பரம சாது. அன்றைக்கு மூடிய வாயை மனிதர் பிறகு அதிகம் திறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் அவளுக்கு இருபத்துநாலு வயசு, வயிற்றில் எட்டு மாதம். ஆர்கைல் ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் குடித்தனம். கீழே வீட்டுக்காரர் முகம்மது சுல்தானின் மசாலாக் கடை. மாடியைப் பலகையால் தடுத்து இரண்டு அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். தெருவைப் பார்த்த முன்னறைக்கு நல்ல பெரிய ஜன்னல். அதில் நூர்ஜான் என்ற தனிக்கட்டை இருந்தாள். பின்னறைக்கு ஜன்னலே கிடையாது, கீழேயிருந்து ஏறி வரும் மிளகாய் நெடி மட்டும் உண்டு. அதில் இவர்கள்.

இது மூன்றாவது பிள்ளை. முதலாவது ஆறாம் மாதத்திலேயே நழுவிப் போனது. இரண்டாவது நாலு நாள் இருந்தது. ஆண் குழந்தை. மூச்சுக்குத் தவித்துத் தவித்து ஐந்தாம் நாள் விடியும்போது போய்விட்டது. அது ஏன் போனது என்பதில் புஷ்பவள்ளிக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. பிறக்கப் போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே எதையும் ஆயத்தம் செய்யக் கூடாது. தொட்டில் வாங்கக் கூடாது, சட்டை தைக்கக் கூடாது. பிறந்த பிறகு பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவதுதான் முறை. அதெல்லாம் தெரிந்தும் அவளுடைய நாத்தனார் ஆசைப்பட்டு ஏழாம் மாதமே ஒரு சின்னச் சட்டை தைத்து அனுப்பினாள். வந்தது வினை. நாத்தனாரோடு அன்றைக்கு அறுந்த பேச்சு இன்றுவரை ஒட்டவில்லை. இந்தத் தடவை அறையில் ஒரு புதுத் துணிகூட வராமல் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். இந்தப் பிள்ளையும் போனால் தானும் கூடவே போய்விடுவது என்று மனசுக்குள் முடிவே செய்து வைத்திருந்தாள்.

அப்படிக் காவல் இருந்தவளின் கண்ணில்தான் பக்கத்து அறைக் காலுறை பட்டது.

நூர்ஜானுக்கு நாற்பது வயதிருக்கும். தகப்பன் தமிழ் முஸ்லிம், தாய் மலாய்க்காரி. பேச்சின் வாலில் ஒரு மலாய் 'லா' ஒட்டிக்கொள்ளும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். முன்பு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வீட்டில் ஆயாவாக இருந்தாள். அந்த வீட்டு மெம், அதாவது துரைசாணி, சொல்லிக் கொடுத்த பின்னல்தான் இப்போது கைவேலை. ஜன்னலடியில் பாயைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு முனையும் கூராக இருக்கும் சின்னச் சின்ன ஊசிகளை வைத்துப் பின்னுவாள். நாலு ஊசி சதுரமாக நிற்கும். அதில் கம்பளி நூல் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கும். ஐந்தாவது ஊசி அந்தச் சதுரத்தைச் சுற்றிக்கொண்டே போகும். முதலும் இல்லை, முடிவும் இல்லை. சுற்றச் சுற்ற ஒரு குழாய் மாதிரி கீழே இறங்கி, குதிகால் மடிந்து, கட்டைவிரல் அளவில் ஒரு பாதம் உண்டாகும். ஓரிடத்திலும் தையல் இருக்காது.

"தைக்காம எப்படிங்க ஒரு துணி தன்னால மூடிக்கும்?" என்று ராமதாசிடம் கேட்டாள் புஷ்பவள்ளி.

"அது ஒரு வேலைப்பாடு."

"வேலைப்பாடா? இந்தப் புழுக்கத்துல எந்தக் கொழந்தைக்குங்க கம்பளி? நம்ம ஊரு வெயில்ல கோழிக்குஞ்சுகூட நெழலுக்கு ஓடுது. இது ஏதோ வேற விசயம்."

"நீ அந்தப் பக்கம் போவாத. அந்தம்மாகிட்ட பேச்சு வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். போகும்போது முன்னறைக் கதவின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அவ்வளவு போதாதா புஷ்பவள்ளிக்கு? பேசாதே என்கிறார் என்றால் அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எட்டு மாதக்காரியிடம் சொல்லப் பயப்படுகிறார். வேறென்ன இருக்க முடியும்?

அன்றிலிருந்து பலகைச் சுவரில் இருந்த ஒரு முடிச்சு ஓட்டைதான் அவளுக்குக் கோயில். சோறு வடித்த கையோடு போய்க் கண்ணை வைத்துவிடுவாள். அடேயப்பா, என்னவெல்லாம் கண்டுபிடித்தாள்! நூர்ஜான் பின்னும்போது உதடு அசைகிறது, பாதியில் நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து அசைகிறது. காதை வைத்துக் கேட்டால் மலாயில் எண்ணிக்கை. லாப்பான், செம்பிலான். எட்டு, ஒன்பது. யாருடைய எட்டு? யாருடைய ஒன்பது? தன் வயிற்றைத் தடவிக்கொண்டு புஷ்பவள்ளி சுவரோடு சுவராக ஒட்டிப்போய் நின்றாள்.

எண்ணினால்கூடத் தொலையட்டும். வாரத்துக்கு ஒரு தடவை குழாயடியில் பார்க்கும்போதெல்லாம் நூர்ஜான் கேட்பது ஒரே கேள்வி.

"தங்கச்சி, மாசம் எத்தன ஆச்சுலா?"

"ஏன்க்கா? போன வாரம்தான சொன்னேன்."

"சும்மாதான்லா. தேதி சொன்னாங்களா மருத்துவச்சி?"

"அவங்க என்ன ஜோசியமா பாக்குறாங்க, தேதி சொல்ல?"

அதற்கு நூர்ஜான் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். கண் வயிற்றின் மேல்தான் இருக்கும். புஷ்பவள்ளி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தண்ணீர்கூடப் பிடிக்காமல் ஏறி வந்துவிடுவாள். வந்ததும் ஒரு பிடி உப்பும் மிளகாயும் எடுத்துத் தானே தன் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவாள். நெடி வரவில்லை என்றால் கண்ணேறு உண்டு என்பார்கள். கீழே மூட்டை மூட்டையாக மிளகாய் கிடக்கும் அந்த வீட்டில் எந்த நெடி எங்கிருந்து வருகிறது என்று யார் கண்டது? அதிலும் சந்தேகம்.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்காரர் முகம்மது சுல்தான் மாடியேறி வந்து நூர்ஜானின் கதவருகே நின்று தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஓட்டை வழியே பார்த்தால் நூர்ஜான் முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைக்கிறாள். துடைத்துவிட்டு ஊசியை எடுத்தவள் சாயங்காலம் வரை கீழே வைக்கவில்லை. சோறுகூடத் தின்னவில்லை. சரி, வீட்டுக்காரரும் கூட்டு என்று முடிவு கட்டினாள் புஷ்பவள்ளி. தன் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகத்தான் நூர்ஜான் காலுறை பின்னுகிறாள். பிறக்கும் முன்பே பின்னி முடித்துவிட்டால் அந்தப் பிள்ளை தங்காது. இது எல்லோருக்கும் தெரியும், தன்னிடம் மட்டும் மறைக்கிறார்கள். ஏன் செய்கிறாள் என்பதற்குத்தான் காரணம் அகப்படவில்லை. காரணம் இல்லாததே அவளுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

ஒன்பதாம் மாதம் பிறந்து பத்து நாள் ஆன ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் நூர்ஜான் கூடையை எடுத்துக்கொண்டு பசாருக்குக் கிளம்பினாள். படியில் செருப்புச் சத்தம் அடங்கியதும் புஷ்பவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தாள். கதவுக்குப் பூட்டு கிடையாது. அறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஜன்னல் வழியே காற்று சும்மா கொட்டியது. இப்படி ஒரு காற்று இந்த வீட்டில் இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். தலையணைக்குக் கீழே கை விட்டாள். ஒரு பிஸ்கட் டின். திறந்தால் வெள்ளையிலும் இளநீலத்திலும் குட்டிக் குட்டிக் காலுறைகள், ஜோடி ஜோடியாக நூலில் கட்டி அடுக்கியிருந்தன. ஒன்பது ஜோடி. பக்கத்தில் இன்னொன்று, ஊசியிலேயே, குதிகால் திரும்பியும் திரும்பாமலும்.

ஒரு பிள்ளைக்கு எதற்கு ஒன்பது ஜோடி என்று ஒரு நிமிஷம் நிதானித்திருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். நிதானம் நம் புஷ்பவள்ளியின் ஜாதகத்திலேயே கிடையாது. மாதத்துக்கு ஒன்று, ஒன்பது மாதத்துக்கு ஒன்பது என்று அவள் மூளை கணக்குப் போட்டுவிட்டது. "அடிப் பாவி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஊசியில் இருந்ததை எடுத்தாள். ஒரு ஊசியை உருவினாள். இரண்டாவதை உருவினாள். நாலும் கழன்றதும் நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். அது பாட்டுக்கு வந்தது. சுற்றிச் சுற்றிப் பின்னியது சுற்றிச் சுற்றிப் பிரிந்தது, ஒரு முனகல்கூட இல்லாமல். குதிகால் போனது, கணுக்கால் போனது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அதில் ஒரு ருசியே தட்டிவிட்டது. கடைசிக் கண்ணி கழன்று, சுருள் சுருளாக நூல் மடியில் குவிந்தபோதுதான் வாசலில் நிழல் தட்டியது.

நூர்ஜான் கூடையோடு நின்றாள். குடையை மறந்து திரும்பி வந்திருக்கிறாள்.

"ரெண்டு நாள் வேலை தங்கச்சி அது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் புஷ்பவள்ளிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளும் நாலு கத்தியிருப்பாள்.

"எம் புள்ளைக்கு எதுக்கு நீ பின்னுற? பொறக்கறதுக்கு முன்னாடி எதுக்குப் பின்னுற? சொல்லு! நான் ஒனக்கு என்ன பண்ணேன்?"

நூர்ஜான் விழித்தாள். "ஒம் புள்ளைக்கா? யா அல்லா! இது மெம்மாருங்க புள்ளைங்களுக்குலா. மலை மேல பங்களாவுல குளுரும், கப்பல்ல சீமைக்குப் போனா அங்கயும் குளுரும். பினாங் ரோட்டுத் துணிக்கடையில எடுத்துக்குவாங்க. பத்து ஜோடி சேர்த்துக் கொண்டுபோகச் சொன்னாங்க."

"அப்ப எதுக்கு ஒளிச்சு வைக்கிற? எதுக்கு மாசம் மாசம்னு என் வயித்தையே பாக்குற?"

"ஒளிக்கலலா. கம்பளிய எலி கடிச்சிடுது, அதான் டின்." நூர்ஜான் கூடையை இறக்கி வைத்தாள். "மாசம் கேக்காம வேற என்ன செய்ய? எனக்கு இன்னும் எத்தன நாளுன்னு தெரிய வேணாமா?"

"ஒனக்கு என்ன நாளு?"

"ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தெரியாது என்பது விளங்கியதும் தானும் பாயில் உட்கார்ந்துகொண்டாள். "இந்த முன்னறை பிலிக்கை ஒம் புருசன் கேட்டு வாங்கிட்டாரு தங்கச்சி. வாடகை கொஞ்சம் கூடத் தரேன்னு வீட்டுக்காரர்ட்ட பேசிட்டாரு. ஒனக்குப் புள்ள பொறக்குற அன்னைக்கு நான் காலி பண்ணணும். வீட்டுக்காரர் மாடிக்கே வந்து ஞாபகப்படுத்திட்டுப் போனாரு. அதான் ராவும் பகலும் பின்னுறேன். வேற எடம் பாக்கணும்ல?"

புஷ்பவள்ளிக்கு விஷயம் விளங்கியது. தன் பிள்ளைக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்தது இந்த வீட்டில் ஒரே ஒருவர்தான், அவரோடுதான் அவள் தினம் ஒரே தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிறாள். ஆனாலும் சந்தேகம் அவளை விட்டுவிடவில்லை. உடனே வேறு பக்கம் திரும்பிக் கடித்தது. தன் பிள்ளை பிறக்கும் நாள் இவள் தெருவில் நிற்கும் நாள். அப்படியென்றால்?

"அக்கா" என்றாள், குரல் உடைந்து. "எம் புள்ள பொறக்கக் கூடாதுன்னு நெனச்சியா?"

நூர்ஜான் சிக்குப்பட்ட நூலை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஒரு நாள் நெனச்சேன்" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் மொதமொத சொன்ன அன்னைக்கு. இந்தப் புள்ளையும் தங்கலன்னா எனக்கு பிலிக் தங்கும்னு மனசுல வந்துச்சு. அப்பறம் அன்னைக்குப் பூரா அழுதேன். அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதுக்கப்பறம் நெனைக்கல."

சந்தேகப்பட்டது உண்மையாகிவிட்டது. ஆனால் இப்படி உண்மையாகும் என்று புஷ்பவள்ளி எதிர்பார்க்கவில்லை. ஓங்கி அறையலாமா என்றும் வந்தது, அவள் மடியில் விழுந்து அழலாமா என்றும் வந்தது. இரண்டும் செய்யாமல் எழுந்து தன் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

சாயங்காலம் வந்த ராமதாசைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை அவள். "எம் புள்ளைக்கு எடம் ஆயத்தம் பண்ணிட்டீங்களா? ஒங்க தங்கச்சி சட்டை தச்சா, நீங்க வீடே தச்சிட்டீங்களா?"

சாது மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் ஒண்ணும் ஆயத்தம் பண்ணல புள்ள. முன்னாடியே காலி பண்ணச் சொன்னா ஆயத்தம் பண்ணின மாதிரி ஆயிடும்னுதான், பொறந்த அன்னைக்குக் காலி பண்ணினா போதும்னு சொன்னேன். முறைய மீறக் கூடாதுன்னுதான்." பிறகு அவருடைய குரல் கம்மியது. "போன தடவை அவன் காத்துக்குத் தவிச்சான். இந்த அறையில காத்தே இல்ல. நாலு நாள் பாத்துக்கிட்டே இருந்தேனே, ஒண்ணும் செய்ய முடியலையே."

ஐந்து வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். புஷ்பவள்ளி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருந்தாலும் விட்டுக் கொடுக்கவில்லை. "நம்ம முறைய காப்பாத்த எம் புள்ள பொறக்குற நாளை அந்தம்மாவுக்குக் கெட்ட நாளா ஆக்கிட்டீங்க. அவங்க தினம் எம் வயித்தைப் பாத்துப் பயப்படுறாங்க. அது நல்லதா? போங்க, போய் வீட்டுக்காரர்ட்ட வேணாம்னு சொல்லுங்க. இப்பவே."

போனார். முகம்மது சுல்தானும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்துப் புஷ்பவள்ளி மறுநாள் காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு முன்னறைக்குப் போனாள். அங்கே பாய் சுருட்டியிருந்தது. பிஸ்கட் டின் ஒரு துணி மூட்டையில் முடிந்திருந்தது.

"அக்கா, எங்க கெளம்பிட்டீங்க? அதான் காலி பண்ண வேணாம்னு சொல்லியாச்சே!"

"சொன்னாருலா. நல்லா இரு. நான் அக்கரையில கெப்பாலா பத்தாஸ்ல எந் தங்கச்சி காமாரியா வீட்டுக்குப் போறேன்."

"கோவமா? அந்த நூலைப் பிரிச்சதுக்கா?"

"கோவம் இல்ல." நூர்ஜான் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "நான் நெனச்சதை ஒன்கிட்ட சொல்லிட்டேன். நல்லபடியா பொறந்தா சரி. ஒருவேளை ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா, என்னைத்தான சொல்லுவ? சொல்ல மாட்டேன்னு இப்ப ஒரு வார்த்தை சொல்லு, நான் பாயை விரிச்சிடுறேன்."

புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். எதற்கும் எதிர்ப் பேச்சு வைத்திருக்கும் வாய். சொல்ல மாட்டேன் என்பது ரொம்பச் சின்ன வார்த்தை. அதைச் சொல்ல அவள் எவ்வளவோ பாடுபட்டாள், வரவில்லை. காப்பி ஆடை கட்டியது. நூர்ஜான் அந்தக் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

குழந்தை பதினேழு நாள் கழித்துப் பிறந்தது. பெண். கருகருவென்று முடி, கட்டையான குரல், மூச்சில் ஒரு குறையும் இல்லை. காலியாகக் கிடந்த முன்னறையில், கொட்டுகிற காற்றில், பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு தூங்கியது. ஐந்தாம் நாள் விடியும் வரை புஷ்பவள்ளி மூக்கருகே விரலை வைத்தபடியே கிடந்தாள். ஐந்தாம் நாள் வெயில் ஏறியதும் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. அக்கரையில் இன்னொருத்தி இந்தச் சேதிக்காகவே தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் நினைத்த நினைப்பு பலித்துவிட்டதோ என்று தெரியாமல்.

"போயி சொல்லிட்டு வாங்க" என்று ராமதாசை அனுப்பினாள்.

அவர் இருட்டுவதற்குள் திரும்பி வந்தார், முகம் தொங்கிப் போய். "நம்ப மாட்டேங்கிறாங்க. புள்ள நல்லாருக்குன்னு நாலு தடவை சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்ல ஒங்க பொண்டாட்டி அனுப்புனாளான்னு கேக்குறாங்க. அன்னைக்கும் பிலிக் விசயத்தை நீங்கதான மறைச்சீங்க, ஒங்க பேச்சை எப்படி நம்புறதுன்னு கேக்குறாங்க."

புஷ்பவள்ளி சிரித்துவிட்டாள். "நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்" என்றாள்.

முப்பது நாள் தீட்டுக் கழிந்த மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஃபெரியேறி, பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்துக் கெப்பாலா பத்தாஸ் போய்ச் சேர்ந்தாள். தென்னைக்கு நடுவில் ஒரு பலகை வீடு. நூர்ஜான் படிக்கட்டில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் ஊசி கையிலிருந்து நழுவியது. எழுந்தவள் கிட்டே வரவில்லை. இரண்டடி பின்னால் போனாள்.

"பாத்துட்டேன், போதும்லா. நல்லா இருக்கட்டும்."

"தூக்குங்க அக்கா."

"வேணாம் தங்கச்சி. நான் தூக்கி, நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட..."

"தூக்குன்னு சொல்றேன்ல!" என்று அதட்டி, அவளைப் படியில் உட்கார வைத்து, பிள்ளையை அவள் மடியில் போட்டாள் புஷ்பவள்ளி. நூர்ஜான் முதலில் தொடவே பயந்தாள். பிறகு இரண்டு பாதத்தையும் உள்ளங்கையில் ஏந்தி, குனிந்து முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். புஷ்பவள்ளியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுதாள்தான், ஆனாலும் அவ்வளவு நேரமும் அவள் நூர்ஜானின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.